தொரசாணிப் பூவின் குளிசை

அந்தப் பூவைப் பற்றி டொக்டர் பேசாமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது என்று அருளம்மா பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வஸீர் டொக்டர் மீது அவளுக்குக் கோபம் வந்ததில்லை. வயதான மனிதர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். அவரும் ஆசையாகவே பதில் சொன்னார்.

அடம்பன் பக்கம் மீளக்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்ததற்கு மறுவருடம் அது. அந்த மாரியிலேயே அவளுடைய புருஷன் பெரியசாமிக்குக் கால்கள் வீங்கத் தொடங்கிவிட்டன. விரலால் அமுக்கினால் குழி விழுந்து நெடுநேரம் அப்படியே கிடக்கும். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் தணியும். வயல் வரம்பில் பொழுதெல்லாம் நடந்த மனிதர், கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று இளைத்தார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இதயம் பலமிழந்துவிட்டது, இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது, துடிப்பும் தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். மாதாமாதம் கிளினிக்குக்கு வரச்சொல்லி, விழுங்கக் குளிசைகள் கொடுத்தார்கள்.

குளிசைகள் வேலை செய்தன. ஆனால் பெரியசாமிக்கு இங்கிலீஷ் மருந்தின் மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. அது உடம்பைச் சுடும் என்பது அவருடைய கட்சி. மூன்றாவது கிளினிக்கிலோ நான்காவதிலோ, வஸீர் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு முடித்ததும் பெரியசாமி மெல்லக் கேட்டார்.

“ஐயா, இதுக்குப் பச்சில மருந்து ஏதாச்சும் இல்லீங்களா?”

டொக்டர் சிரித்தார். முசலிப் பக்கத்துக்காரர். சிறுபிள்ளையாக ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் படித்து, டொக்டராகத் திரும்பி வந்தவர். “ஐயா, நீங்கள் குடிக்கிறதே பச்சிலைதான். இந்தச் சின்ன வெள்ளைக் குளிசை இருக்கெல்லோ, இது ஒரு பூஞ்செடியின்ர இலையிலயிருந்து எடுக்கிறது. களைச்சுப்போன மாட்டை அடிச்சு ஓட்டாமல், கயித்தைப் பிடிச்சு மெல்ல நடத்துற மாதிரி உங்கட இதயத்தை நடத்தும். இருங்கோ, படம் காட்டுறன்.”

கைத்தொலைபேசியை அவர் பக்கம் நீட்டினார். நீண்ட தண்டு. அதில் மேலிருந்து கீழ்வரை தொங்கும் ஊதாநிற மணிகள். மணிக்குள்ளே புள்ளி புள்ளியாக.

பெரியசாமி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார்.

“குளிர் ஊர்ச் செடி. நுவரெலியாப் பக்கம் பங்களாத் தோட்டங்களில நானே கண்டிருக்கிறன்” என்றார் டொக்டர்.

“தெரியும்ங்க” என்றார் பெரியசாமி.

கிழவருக்குச் சந்தோஷம் என்று டொக்டர் நினைத்துக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ் நிலையத்தில் நிழலுக்கு ஒதுங்கிய கழுதைகளோடு புருஷனும் பெண்சாதியும் ஒதுங்கி நின்றார்கள். பஸ் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் வந்து, உப்புக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் பெரியசாமி சொன்னார்.

“அது தொரசாணிப் பூ, புள்ள.”

அருளம்மாவின் கை, மடியிலிருந்த மருந்துப் பையை இறுக்கிப் பிடித்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் இருவரும் பிறந்தது நுவரெலியாவுக்கு மேலே, மேகம் ஜன்னலுக்குள் நுழைந்து திரும்பிப்போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெரியசாமி பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மீசை முளைக்கத் தொடங்கிய வயது. துரையின் மனைவி, அந்த வெள்ளைக்காரத் துரைசாணி, தன் ஊரிலிருந்து விதை கொண்டுவந்து வேலியோரம் நட்ட பூக்களில் ஒன்று அது. அவள் ஏதோ பெயர் சொன்னாள். அவருடைய வாயில் அது நுழையவில்லை. தொரசாணிப் பூ என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போகும் பாதை. அந்தப் பாதையில் அருளம்மா ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு போவாள். பெரியசாமிக்கு அவளோடு பேசத் தைரியம் கிடையாது. அதனால் ஆட்டோடு பேசினார். அன்றன்றைக்கு வெட்டிய புல்லையும் தழையையும் கட்டாகக் கட்டி, அவள் வரும் நேரம் பார்த்து வேலிக்கு மேலால் போடுவார். “ஒனக்கில்ல, ஆட்டுக்கு” என்பார். அவளும், “எனக்குன்னு யாரு சொன்னா? நானா தழ திங்கிறேன்?” என்று சொல்லிவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போவாள். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று.

தொரசாணிப் பூ பூத்து முடிந்து செடிகளை வெட்டிய நாளில் கட்டு பெரிதாக இருந்தது. அவருக்கு அதில் பெருமை. மறுநாள் அருளம்மா ஆடில்லாமல் அந்தப் பாதையில் வந்தாள். பின்னால் அவளுடைய அப்பா தடியோடு வந்தார். சத்தம் கேட்டுத் துரைசாணி வெளியே வந்து, வெட்டிக் கிடந்த செடியைக் காட்டி, அந்த இலை நெஞ்சை நிறுத்திவிடும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் நஞ்சு என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். பெரியசாமி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதார். அருளம்மாவுக்கு ஆடு செத்த துக்கத்துக்கு நடுவிலும், ஒரு ஆம்பிளை அப்படி அழுவது விசித்திரமாக இருந்தது. அவரைக் கட்டிக்கொள்வது என்று அவள் தீர்மானித்தது அந்த இடத்தில்தான்.

பிறகு எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் வந்தது. லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். லொறியில் ஏறி வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள், நெல் விதைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். சண்டை வந்து துரத்தத் துரத்த ஓடி, முள்வேலி முகாமில் கிடந்து, கடைசியில் இந்த வெட்டை வெளிக்குத் திரும்பி வந்தார்கள். மகள் ரஜிதா கலியாணம் கட்டி வவுனியாவில் இருந்தாள். எல்லாவற்றிலும் அவர்களோடு கூடவே வந்தது அந்தக் குளிர் மட்டும்தான். பங்குனி வெயிலில் தகரத்தைத் தொட்டால் கை வெந்துபோகும் மத்தியானங்களில், கிழவனும் கிழவியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கிட்டித்துப் போகும் காலைகளைப் பற்றிப் பேசுவார்கள். கம்பளி மணம், ஈர விறகின் புகை, கொழுந்துக் கூடையில் சொட்டும் பனி. சண்டை பிடித்தால் அவள், “என் ஆட்டக் கொன்ன ஆளுதானே நீங்க” என்பாள். அதோடு அவர் அடங்கிவிடுவார்.

கிளினிக்கிலிருந்து திரும்பிய அந்தக் கிழமையே அவருக்கு மறுபடி மூச்சு முட்டத் தொடங்கியது. குளிசையைத் தினமும் காலையில் அவளே எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைப்பாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்தாள். அப்படியிருந்தும் கால் வீங்கியது. கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

உடுப்புத் தோய்க்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. சட்டைப் பைக்குள் சின்ன வெள்ளைக் குளிசைகள் கிடந்தன. மற்றக் குளிசைகள் ஒன்றுமில்லை, அதுமட்டும். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்து, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துப் பையில் போட்டிருக்கிறார்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் முறுக்கிக்கொள்வார் என்று தெரியும். கிளினிக்குக்கே போகாமல் விட்டுவிடுவார். அவர் தன் கையால் ஒரு உயிரைக் கொன்ற இலை அது. அதை வாயில் போடு என்று எப்படிச் சொல்வது? ஆனால் போடாவிட்டால் அவர் இருக்கமாட்டார். அது அவளுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு றோஸ்மேரி ஒரு யோசனையோடு வந்தாள். றோஸ்மேரியின் குடும்பம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தது. புருஷன் அமிர்தநாயகம் ஓட்டோ ஓடினான். “அங்க இருக்கேக்க எங்கட மாமாவுக்கும் இதே வருத்தம்தான், அக்கா. மருதம்பட்டை அவிச்சுக் குடுத்தனாங்கள். கட்டுக்கரைக் குளத்தடியில எவ்வளவு மருதமரம் நிக்குது! வெட்டிக்கொண்டு வந்தால் சரிதானே.”

பெரியசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அமிர்தநாயகத்தின் ஓட்டோவில் போய், தானே மரம் தேர்ந்து, தானே பட்டை செதுக்கிக்கொண்டு வந்தார். கசாயம் கசந்தது. ஒரே மூச்சில் குடித்தார்.

அதே நாள் காலையில்தான் அருளம்மா முதல்தடவையாக அந்த வேலையைச் செய்தாள். அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்த குளிசையைக் கரண்டியின் அடியால் நுணுக்கி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணிக்குள் கலந்தாள். தோட்டத்தில் பிறந்தவர் தேத்தண்ணியை மறுக்கமாட்டார். அவர் குடிக்கும்வரை அவள் அடுப்படியிலேயே நின்றாள். கட்டின புருஷனுக்குத் தெரியாமல், அவர் நஞ்சு என்று நம்பும் ஒன்றை அவருடைய வாயில் ஊற்றுகிறாள். மடு மாதாவை நினைத்து ஒரு நேர்த்தி வைத்தாள்: இந்த மனிதர் நன்றாகும்வரை தான் தேத்தண்ணி தொடுவதில்லை. சோற்றை விடச் சொன்னால் அவள் சிரித்துக்கொண்டு விட்டிருப்பாள். தேத்தண்ணியை விட்டதில் மூன்று நாள் தலைவலியில் கிடந்தாள்.

வீக்கம் வடிந்தது. பெரியசாமி நீட்டி நிமிர்ந்து படுத்தார். பிறகு நடந்தார், அமிர்தநாயகம் குளத்தடிக்கு ஏற்றிக்கொண்டு போனால் அணைக்கட்டில் கொஞ்சத் தூரம் கையை வீசிக்கொண்டும் நடந்தார்.

“பாத்தியா புள்ள? எல்லாம் மருதம்பட்ட” என்றார்.

“ஆமாங்க, மருதம்பட்டதான்” என்றாள் அவள்.

அந்தக் கிழமைகளைப்போல ஒரு காலம் அவர்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அணைக்கட்டில் காற்று நன்றாக வரும். தண்ணீருக்கு மேல் வெள்ளைக் கொக்குகள் தாழப் பறக்கும். அவர் லயத்தில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுபடுத்துவார்; யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள், யார் தப்பு மேளத்தை எப்படி நின்று அடிப்பார்கள் என்று நடித்துக் காட்டுவார். அவள் மூச்சுவிட முடியாமல் சிரிப்பாள். நாடகமும் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவள் உள்ளங்கையில் குளிசையை வைப்பாள்; அவர் விழுங்குவதுபோல விழுங்குவார். அவர் பையில் ஒளித்த குளிசையை அவள் எடுத்து மறுநாள் தேத்தண்ணியில் கலப்பாள். இருவருமே மற்றவரை ஏமாற்றிவிட்டதாக நிம்மதியாக இருந்தார்கள்.

ஒருநாள் அவர் கேட்டார். “என்னா, ஒரு கோப்பதான் கொண்டாற? ஒனக்கெங்க?”

“வேணாம்ங்க.”

“தேத்தண்ணி வேணாமா? நீ அருளுதானா, இல்ல யாரும் ஆள் மாறி வந்திருக்கா?”

அவள் மழுப்பிப் பார்த்தாள். அவர் விடவில்லை. கடைசியில் நேர்த்தியைப் பற்றிச் சொன்னாள். தேத்தண்ணிக்குள் போடுவதைச் சொல்லவில்லை. அவர் அந்தக் கோப்பையைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சட்டைப் பையில் குளிசை கிடைக்கவில்லை. அருளம்மா அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். குரோட்டன் சாடிக்குள் கிளறினாள். கோழிகள் கொத்தும் இடத்தையும் குனிந்து பார்த்தாள். கள்ளன், வேறு ஒளிப்பிடம் கண்டுபிடித்துவிட்டான் என்று மனதுக்குள் செல்லமாகத் திட்டிக்கொண்டு, தேத்தண்ணிக்கு மருந்துப் பையிலிருந்தே எடுக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நாளில் அவருக்குச் சாப்பாடு வெறுத்தது. மீன்குழம்பின் மணத்துக்கே ஓங்காளித்தார். மருதம்பட்டை கூடிப்போயிற்றோ என்று அதை நிறுத்திப் பார்த்தார்கள், குணமில்லை. ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“செவுத்துக்கு எப்ப மஞ்ச அடிச்ச?”

“என்னா மஞ்ச? வெள்ளதானே இருக்கு.”

“ஒன் சீலையும் மஞ்ச.” அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். “வானமெல்லாம் மஞ்சளா இருக்கே, அருளு. சுத்தி வட்டம் வட்டமா…” சொல்லிக்கொண்டே வாந்தியெடுத்தார்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரும் வரும் என்று காத்திருந்தாள். அவளுடைய அலறலைக் கேட்டு றோஸ்மேரி ஓடிவந்தாள். அமிர்தநாயகம் ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலோடு நிறுத்தினான்.

ஆஸ்பத்திரி வாட்டில் அவருடைய நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பெட்டியில் கோடு ஓடியது. வஸீர் டொக்டர் கோட்டைப் பார்த்தார், பெரியசாமியின் கண்ணைப் பார்த்தார், பிறகு தாதி ஜெனிற்றாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். ஜெனிற்றா அருளம்மாவைக் கையைப் பிடித்து வெளி விறாந்தைக்குக் கூட்டிப்போனாள்.

“அம்மா, குறை நினைக்காதேங்கோ. வீட்டில ஏதும் பிரச்சினையோ? மனம் விட்டுப்போய்… அலரி விதை ஏதும் சாப்பிட்டவரோ?”

அருளம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஜெனிற்றாவின் கையை உதறினாள். மஞ்சள் அலரி இல்லாத வேலி அந்தப் பக்கத்தில் கிடையாது. சண்டைக்குப் பிறகு எத்தனை பேர் அந்த விதையை அரைத்துக் குடித்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“என்னா பேச்சு பேசுறீங்க மிஸ்? அவரா? எத்தன செல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த மனுசன்! நேத்தும் அடுத்த போகத்துக்கு என்னா நெல்லு போடலாம்னு பேசிக்கிட்டிருந்தாரு!”

“அலரி மாதிரித்தான் இதயம் காட்டுது, அம்மா. சும்மா கேக்கேல்ல. என்ன உள்ளுக்குப் போனதெண்டு தெரிஞ்சால்தான் மருந்து செய்யலாம்.”

அவள் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். தன்னைத்தானே மாய்க்கப் பார்த்தவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். அதைவிட, அவள் வாய் திறக்காவிட்டால் அவர் போய்விடவும் கூடும். உள்ளே போய்க் கட்டிலடியில் நின்றாள்.

“ஐயா, நான்தான் குடுத்தேன்” என்றாள். “அந்த வெள்ளக் குளிசைய இவரு முழுங்காம ஒளிக்கிறாருன்னு, தேத்தண்ணியில கலந்து குடுத்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணுதான்.”

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். “ஒண்டு எண்டால் இப்பிடி வராதே.”

கட்டிலிலிருந்து கிழவரின் குரல் வந்தது, ஈனமாக. “இன்னொண்ணு நான் முழுங்கினேன்ங்க.”

அருளம்மா திரும்பினாள். “எப்பலேர்ந்து?”

“நீ தேத்தண்ணிய விட்டேன்னு சொன்னதிலேர்ந்து. எனக்காக நீ பட்டினி கெடக்குற மாதிரி கெடக்குற, நான் ஒன்ன ஏமாத்திக்கிட்டு… செத்தாலும் பரவால்லன்னு முழுங்கினேன்.”

“சொல்லக்கூடாதா?”

“நீ சொன்னியா?”

ஜெனிற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வஸீர் டொக்டர் இவர்களைத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சற்று நின்றார். பிறகு வேகமாக மருந்துக்குச் சொன்னார்.

“அருளு” என்றார் பெரியசாமி கண்ணை மூடியபடி. “போய் மொதல்ல ஒரு தேத்தண்ணி குடி. ஒன் மொகமே மஞ்சளாத் தெரியுது.”

அவள் போகவில்லை. கோடு ஓடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். ஒவ்வொரு மேட்டுக்கும் அடுத்த மேடு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

நாலைந்து நாளில் மேடுகள் ஒழுங்காக வந்தன. சுவர் வெள்ளையாயிற்று. வஸீர் டொக்டர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

“ஐயா, இனி அரைக் குளிசைதான். ஆனா நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினால் திரும்ப மூச்சு முட்டும். அடுத்தமுறை காப்பாத்துறது கஷ்டம். குடிப்பீங்களோ?”

அருளம்மா புருஷனின் முகத்தையே பார்த்தாள். இப்போது அவர் மாட்டேன் என்று சொன்னால் அவளிடம் மறுவார்த்தை இல்லை. பயந்தது நடந்தேவிட்டதே.

“அது நஞ்சுன்னு நான் நெனச்சது சரிதானுங்களே?” என்று கேட்டார் பெரியசாமி.

டொக்டர் மறைக்கவில்லை. “சரிதான். அலரியில இருக்கிறதும் இதில இருக்கிறதும் ஒரே சாதிச் சாமான். கூடினால் இதயத்தை நிப்பாட்டும்.”

“அது தெரிஞ்சேதான் குடுக்கிறீங்க?”

“ஓம் ஐயா. தெரிஞ்சேதான் தாறம். அதாலதான் இவ்வளவு சின்னக் குளிசை.”

“மருதம்பட்ட?”

“அதையும் ஆராய்ச்சி செய்யினம். கொஞ்சம் உதவலாம் எண்டும் சொல்லினம், இன்னும் சரியாத் தெரியாது. தெரியாததை நம்பித் தெரிஞ்சதை விடக்கூடாது.”

பெரியசாமி ஒருகாலத்தில் ஒன்றும் அறியாமல், ஆசையாக, ஒரு கட்டுத் தழையைத் தூக்கிப் போட்டவர். இந்த டொக்டரும் அப்படித்தான் அறியாமல் கொடுக்கிறார் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் பயந்திருந்தார் என்பது அருளம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நஞ்சு என்று தெரிந்த கை கொடுக்கிறது என்றால் அவருக்குச் சரி.

“இவ கையால குடுக்கட்டும். ஆனா எனக்குத் தெரியக் குடுக்கட்டும்” என்றார்.

வீட்டில் அவள் பாக்குவெட்டியால் குளிசையைப் பிளந்தாள். அது ஒருநாளும் சரிபாதியாகப் பிளந்ததில்லை.

“பெருச நீ நாளைக்கு வச்சிருக்க. என்ன ஏமாத்தப் பாக்குற.”

“சின்னதுதான் இன்னைக்கு. நேத்துப் பெருசு தின்னீங்கல்ல?”

“எங்க காட்டு.”

“வாயத் தொறங்க மொதல்ல. நாக்கத் தூக்குங்க.”

அவர் நாக்கைத் தூக்கிக் காட்டுவார். தெருவால் போகிறவர்களுக்குக் கேட்கும்படி இந்தச் சண்டை தினமும் நடந்தது. அதைக் கேட்டுத்தான் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவதாக றோஸ்மேரி சொல்லுவாள். குளம் நிறைந்து வான்கட்டைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்த வருடத்தையும், பாயாமல் வயல் எரிந்த வருடத்தையும் அவர் பார்த்தார். ரஜிதாவின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அணைக்கட்டில் நடந்தார். அருளம்மா அந்த வருடங்களை இப்போது நினைக்கும்போது முதலில் அந்தச் சண்டைகளின் சத்தம்தான் காதில் விழுகிறது.

மாசி மாதத்தில் ஒரு விடியலில், பனித்துளி புல்லில் கண்ணாடிபோல் மின்னிக் கிடந்த அபூர்வமான ஒரு குளிர் நாளில், அவள் முந்தியநாள் பிளந்ததன் மறுபாதியை எடுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். அன்றைக்குப் பெரிய பாதி அவருடைய பங்கு. “இந்தாங்க, பெருசுதான்” என்றாள். அவர் கையை நீட்டவில்லை.

றோஸ்மேரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அருளம்மா கட்டில் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். றோஸ்மேரி பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்த அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கை வியர்வையில் குளிசை கரைந்து, ரேகைகளுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“கையைக் கழுவுவம், அக்கா” என்றாள் றோஸ்மேரி.

“இருக்கட்டும்” என்றாள் அருளம்மா.